புதுப் பாகம் போட்டார்கள், பெட்டி படுத்துவிட்டது!

கிளம்பாத கம்ப்யூட்டரைக் கிளப்பிய கதை

நேற்று வரை நன்றாக ஓடிய கம்ப்யூட்டர். இன்று பொத்தானை அமுக்கினால் சத்தமே இல்லை. விளக்கு எரியவில்லை. விசிறி சுற்றவில்லை.

இடையில் என்ன நடந்தது? "இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடட்டுமே" என்று புதுப் பாகம் வாங்கிப் போட்டார்கள். அவ்வளவுதான்!

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பூ விவசாயக் குடும்பம். மல்லிகையும் முல்லையும் விற்ற காசில், யாரோ பயன்படுத்திய பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்கள். தங்கை அதில்தான் வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டும். நாளை கடைசி நாள். வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன் ஊருக்கு வந்தபோது ஒரு ராம் அட்டையும், ஒரு கிராபிக்ஸ் கார்டும் வாங்கி வந்தான். இரண்டையும் மாட்டினான். பெட்டி படுத்துவிட்டது.

"மதர்போர்டு போயிருச்சு. புதுக்கோட்டைக்குப் போயி வேற வாங்கணும்" என்றான் அண்ணன்.

"எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார் அப்பா.

தொகையைச் சொன்னான். வீடு அமைதியாகிவிட்டது. பூ விலை இறங்கிக் கிடக்கிற நேரம்!

அப்போது வாய் திறந்தவர் அப்பத்தா.

அப்பத்தா சொன்ன வழி

அப்பத்தாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. சைக்கிள் தெரியும்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுக்க வழி செய்தார். பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். நம் அப்பத்தாவும் அவர்களில் ஒருவர் என்றே கொள்வோம். செயின் கழன்றாலும், பிரேக் பிடிக்காவிட்டாலும் தானே பார்த்துக்கொண்டவர்.

"கடைசியா எதுல கைய வச்சீங்களோ, அத மொதல்ல பாருங்கடா. சும்மா இருந்தது எப்படிக் கெட்டுப் போகும்?" என்றார்.

பெரிய எஞ்சினீயர் சொல்வதும் இதைத்தான்! நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை. நடுவில் மாறியது எதுவோ, குற்றம் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

முதலில் சுவர்

அவசரப்பட்டுப் பெட்டியைத் திறக்கக் கூடாது. சுவரில் இருக்கிற பிளக்கில் கரண்ட் வருகிறதா? மேஜை விளக்கை அதில் சொருகிப் பார்த்தாள் தங்கை. எரிந்தது.

பெட்டியின் பின்பக்கம் சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கும். வேலை செய்யும்போது கை பட்டு அணைந்துபோவது உண்டு. "ஐ" மாதிரி ஒரு கோடும், ஒரு வட்டமும் போட்டிருப்பார்கள். கோட்டுப் பக்கம் அமுங்கியிருந்தால் கரண்ட் போகிறது என்று பொருள். இங்கே கோட்டுப் பக்கம்தான் இருந்தது.

அந்த இடத்திலேயே 115, 230 என்று எழுதிய சிவப்பு சுவிட்ச் சில பழைய பெட்டிகளில் இருக்கும். நம் நாட்டில் வருவது 230 வோல்ட். விளையாட்டாக அதை 115-க்குத் தள்ளிவிட்டால் வெடிச் சத்தம் கேட்கும், புகை வரும். குழந்தைகள் கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பெட்டியைத் திறக்கலாம்

திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாதா? போதாது! கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் உள்ளே 5 வோல்ட் மின்சாரம் காத்துக்கொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கியபின் பெட்டியின் இரும்பு உடம்பைக் கையால் தொட வேண்டும். நம் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும்.

அண்ணன் புது ராமையும் கிராபிக்ஸ் கார்டையும் கழற்றினான். மானிட்டர் ஒயரைப் பழைய இடத்திலேயே சொருகினான். எல்லாம் நேற்று இருந்தபடி! பிளக்கைப் போட்டுப் பொத்தானை அமுக்கினான்.

மூச்சு இல்லை.

"நான்தான் சொன்னேனே!" என்றான்.

அவசரப்பட்டுவிட்டான். புதுப் பாகங்களை எடுத்த பின்னும் ஓடவில்லை என்றால், அவற்றை மாட்டும்போது வேறு எதையோ கை அசைத்திருக்கலாம் அல்லவா?

எஸ்.எம்.பி.எஸ். உயிரோடு இருக்கிறதா?

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றிக் கொடுக்கும் இரும்புப் பெட்டிக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். அதைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே 300 வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட சேர்ந்து நிற்கும். தொட்டால் தூக்கி எறியும், உயிருக்கே ஆபத்து.

திறக்காமலே சோதிக்க வழி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டுக்குப் போகும் 24 துளை இணைப்பைக் கழற்றினார்கள். அதில் ஒரே ஒரு பச்சை ஒயர் இருக்கும். அதையும் பக்கத்துக் கருப்பு ஒயரையும் காகிதம் குத்தும் கிளிப்பால் சேர்த்தார்கள். பிறகு பிளக்கைப் போட்டார்கள். எஸ்.எம்.பி.எஸ். விசிறி சுற்றியது! உயிர் இருக்கிறது. பாரத்தைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. (சில புது எஸ்.எம்.பி.எஸ்.களில் எல்லா ஒயரும் கருப்பாகவே இருக்கும். அப்படியானால் இந்தச் சோதனையைக் கடைக்காரரிடம் விட்டுவிடுவது நல்லது.)

பிளக்கைப் பிடுங்கி இணைப்பைப் பழையபடி சொருகினார்கள். பிராசசர் அருகே இன்னொரு சிறிய இணைப்பு உண்டு. 4 துளையோ 8 துளையோ இருக்கும். பலரும் மறப்பது அதைத்தான். இவர்கள் வீட்டில் அது சரியாகவே இருந்தது.

பொத்தான் செய்யும் வேலை

பழைய கம்ப்யூட்டர்களில் முன்பக்கப் பொத்தான் வீட்டு விளக்கு சுவிட்ச் மாதிரி. கரண்டையே வெட்டும், விடும். 1995-ல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தது. அதில் பொத்தானுக்கு அந்த வேலை இல்லை. "எழுந்திரு" என்று மதர்போர்டுக்குச் சைகை காட்டுவதோடு சரி. அந்தச் சைகை போவது தலைமுடி மாதிரி இரண்டு மெல்லிய ஒயர்களில். அவை மதர்போர்டின் கீழ் ஓரத்தில் சின்னஞ்சிறு ஊசிகளில் சொருகியிருக்கும்.

நீளமான கிராபிக்ஸ் கார்டை மாட்டும்போது கை எங்கே போகும்? அங்கேதான்!

தங்கை டார்ச் அடித்துப் பார்த்தாள். "அண்ணே, இது என்ன தொங்குது?"

பொத்தானின் ஒயர் கழன்று தொங்கியது. மதர்போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை! பொத்தானை எத்தனை முறை அமுக்கினால் என்ன? சேதி போய்ச் சேர்ந்தால்தானே?

மதர்போர்டின் விளக்கப் படத்தைப் பார்த்து ஒயரை உரிய ஊசிகளில் சொருகினார்கள். பொத்தானை அமுக்கினாள். விசிறி சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது. அப்பா எழுந்து வந்து பார்த்தார்.

இப்படிச் சின்னக் காரணத்தால் பெரிய யந்திரம் நிற்பது புதிதல்ல. 1947 செப்டம்பர் 9-ந் தேதி அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 என்ற ராட்சசக் கம்ப்யூட்டரில் கோளாறு ஏற்பட்டது. உள்ளே தேடினால், ஒரு விட்டில் பூச்சி சிக்கிக் கிடந்தது! அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தக் குறிப்பேடு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. நம் ஊர்ப் பெட்டிகளில் பல்லியும் எறும்பும் குடியிருப்பது இதற்குக் குறைந்த சங்கதியா?

ஒவ்வொன்றாக!

இனி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாட்டினால் பழைய கதைதான். ஒரு நேரத்தில் ஒரு பாகம்.

புது ராமின் தங்க நிற விளிம்பை அழிரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, இரண்டு பக்கமும் "டக்" என்று சத்தம் வரும்வரை அமுக்கினான் அண்ணன். கம்ப்யூட்டர் ஓடியது.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. அதை மாட்டி, மானிட்டர் ஒயரையும் அதில் சொருகியதும் விசிறி சுற்றியது. திரை மட்டும் இருட்டு. உற்றுப் பார்த்தபோது கார்டின் ஓரத்தில் 6 ஊசிகள் கொண்ட வாய் ஒன்று காலியாக இருந்தது. கார்டு செருகும் இடத்திலிருந்து 75 வாட் வரைதான் மின்சாரம் எடுக்கலாம். அதற்கு மேல் தின்கிற கார்டுக்குத் தனி ஒயர் வேண்டும். 6 ஊசி வாய் வழியாக இன்னொரு 75 வாட், 8 ஊசி என்றால் 150 வாட். 1981-ல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.யின் மொத்த எஸ்.எம்.பி.எஸ்.ஸே 63.5 வாட்தான்! அது முழுவதையும் கொட்டினாலும் இன்றைய கார்டு ஒன்றுக்குப் பசி அடங்காது.

இவர்களுடைய பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அந்த ஒயரே இல்லை. வாங்குவதற்கு முன் பார்த்திருக்க வேண்டியது.

"இதுக்குத் தனியா ஒரு எஸ்.எம்.பி.எஸ். வாங்கணும்ப்பா" என்றான் அண்ணன், கொஞ்சம் மெதுவாக.

"மார்கழியில பூ விலை ஏறட்டும், பாக்கலாம்" என்றார் அப்பா.

கார்டு அதன் அட்டைப் பெட்டிக்குள்ளே போனது. பெட்டி அலமாரிக்குப் போனது. இரவு பத்து மணிக்குத் தங்கை விண்ணப்பத்தை அனுப்பி முடித்தாள். அப்பத்தா அதற்குள் தூங்கிவிட்டார்.