ஏழாம் எண் சட்டை

கிரிக்கெட் பந்தயம் நடைபெறும் நாளில், அண்டை வீட்டாரின் மொழி நமக்குச் சரிவரத் தெரியாதென்பது ஒரு குறையாகவே தோன்றுவதில்லை. வெளியூர்களில் குடியேறி வாழும் நம் அன்பர்கள் இதை நன்கு அறிவார்கள். பிலிப்பைன்ஸ் தீவுகளில் இந்த ஸ்தானம் கூடைப்பந்துக்கு உரியது. அமெரிக்க ஆட்சியோடு அங்கு வந்த அவ்வாட்டம், ஆட்சி அகன்ற பின்னும் அகலவில்லை. சந்துக்குச் சந்து ஒரு வளையம் தொங்கும். காலில் ரப்பர்ச் செருப்போடு சிறுவர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

அந்நாடு சுதந்திரம் பெறுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 1946 மார்ச்சில், பாகியோ என்னும் மலை நகரில் பிறந்தவர் ராபர்ட் ஜவோர்ஸ்கி. தந்தை போலந்து வம்சத்து அமெரிக்கர். தாய் அந்நாட்டு இலொக்கானோ இனத்தவர். மணிலாவிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஆடிப் பெயர் பெற்று, 1967-இல் சியோலில் ஆசியப் பட்டம் வென்ற தேசிய அணியிலும், மறு ஆண்டு மெக்ஸிகோ ஒலிம்பிக்கிலும் இடம் பெற்றார்.

பின்னர் நேர்ந்தது அவமானம். 1971-இல் ஒரு பந்தயத்தின் நடுவே கோபம் மூண்டு, அவரும் சகாவான ஆல்பர்ட்டோ ரெய்னோஸோவும் நடுவர்களைத் தாக்கினர். இருவருக்கும் ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டது. தண்டனை தகுந்ததே, நடுவர் மீது கை வைத்ததற்குச் சமாதானம் ஏது? ஆயினும் 1973-இல் ஆசியப் போட்டி மணிலாவிலேயே நடைபெற இருந்தபோது தடை நீக்கப்பட்டது. நாடு மீண்டும் பட்டம் வென்றது.

1975-இல் அங்கு தொழில்முறைச் சங்கம் தோன்றியது. ஆசியாவில் அதுவே முதலாவது. அதன் அணிகளுக்கு ஊர்ப்பெயர் இல்லை, கம்பெனிப் பெயர்தான்! ஜவோர்ஸ்கி டொயோட்டா அணியில் ஆடினார். அதற்கும் கிரிஸ்பா அணிக்கும் இருந்த பகை குடும்பங்களையே இரண்டாகப் பிரித்தது என்பர். 1978-இல் அவர் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான விருதைப் பெற்றார்.

1984-இல் டொயோட்டா அணி கலைக்கப்பட்டு, ஆட்டக்காரர்கள் மொத்தமாக வேறொரு கம்பெனிக்குக் கைமாறினர். ஜவோர்ஸ்கி அங்கு செல்ல மறுத்து, பிற்காலத்தில் ஹினேப்ரா என்று புகழ்பெற்ற அணியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அதன் பயிற்சியாளராகவும் ஆனார்; அதே சமயம் ஆடியும் வந்தார்.

அந்த 1985-இல் ஒரு நாள், எதிரணியார் ஒருவரின் முழங்கை பட்டு அவர் உதடு கிழிந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்று ஒன்பது தையல் போட்டார்கள். அன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் அவரோ ஆட்டம் முடிவதற்குள் அரங்கத்துக்குத் திரும்பினார். பின்தங்கிக் கிடந்த அவரது அணி, ரஸிகர்களின் ஆரவாரத்திடையே எழுந்து நின்று வென்றது. 'சாகாத அணி' என்னும் பெயர் இதனாலேயே நிலைத்தது. ஜீப்னி ஓட்டுநர்களும் கூலியாட்களும் அவ்வணியைத் தம்முடையதாகவே கொண்டாடினார்கள். 1991-இல் இறுதிச் சுற்றில் ஒன்றுக்கு மூன்று என்று தோற்றுக்கொண்டிருந்த நிலையிலிருந்து, அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று பட்டத்தைக் கைப்பற்றியதும் இவ்வணிதான்.

ஐம்பது வயதைக் கடந்தும் அவர் ஆடினார். மகனும் அதே அணியில் சேர்ந்திருந்தார்! 1998-இல் மக்கள் அவரை ஸெனட் சபைக்குத் தேர்ந்தெடுத்தனர். ஆறாண்டுக் காலம் அங்கு பணியாற்றினார். 2012-இல், அவர் அணிந்த ஏழாம் எண் சட்டையை இனி எவருக்கும் அளிப்பதில்லையென்று ஹினேப்ரா அணியினர் அதற்கு ஓய்வளித்தனர்.