கறுப்பு, நீலம், வெள்ளை... உங்கள் டீசல் காரின் புகை என்ன சொல்லுது? இன்ஜினை இறக்கும் முன் இதைப் படிங்க!

சிக்னலில் பச்சை விழுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள். கண்ணாடியில் பார்த்தால், பின்னால் வந்த பைக்காரர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உங்களை முறைக்கிறார். அவருக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு புகை மூட்டம்.

மெக்கானிக்கிடம் போகிறீர்கள். பானெட்டைக்கூடத் திறக்காமல் ஒரே வரியில் தீர்ப்பு வருகிறது. ‘‘ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிடுச்சுல்ல தம்பி... ரிங் போயிருக்கும். இன்ஜினை இறக்கிடலாம்!’’

அப்பா ஓட்டிய காரோ, லோன் போட்டு வாங்கிய செகண்ட் ஹேண்ட் காரோ... இந்த ஒரு வரியில் உங்கள் சில மாதச் சம்பளம் காலி. சில சமயம் அந்தத் தீர்ப்பு சரியாக இருக்கலாம். ஆனால், சில நூறு ரூபாய் ஏர் ஃபில்டரோ, கிழிந்துபோன ஒரு ரப்பர் ஹோஸோகூட இதே புகையைக் கிளப்பும். எது உண்மை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புகையிடமே கேட்கலாம். நிறம், ‘என்ன எரிகிறது’ என்று சொல்லும். அது வரும் நேரம், ‘எந்த இடத்தில் கோளாறு’ என்று சொல்லும். இரண்டையும் சேர்த்துப் படிக்கணும். அவ்வளவுதான் விஷயம்.

முதலில் ஒரு சின்ன அறிவியல்

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் தீ மூட்டும். டீசலில் அது கிடையாது. பிஸ்டன் காற்றை 15 மடங்குக்கும் மேலாக அழுத்தும். அந்த அழுத்தத்திலேயே காற்று கொதிக்கும். அதற்குள் இன்ஜெக்டர் டீசலைப் பனித்துளிபோல் பீய்ச்சும். உடனே பற்றிக்கொள்ளும். காமன் ரெயில் கார்களில் இப்படிப் பீய்ச்சும் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். உங்கள் டயரில் இருப்பது வெறும் 2 பார் சொச்சம் என்றால், பார்த்துக்கோங்க!

ஆக, நல்ல காற்று, சரியான அளவு டீசல், கசியாத அழுத்தம் ஆகிய மூன்றும் இருந்தால் புகை கண்ணுக்கே தெரியாது. ஒன்று குறைந்தாலும், எரியக் கூடாத ஒன்று உள்ளே நுழைந்தாலும் புகை வரும்.

காலையில் 10 நிமிஷம் ஒதுக்குங்க

இந்தச் சோதனையை மெக்கானிக் ஷெட்டில் செய்ய முடியாது. அங்கே ஓட்டிக்கொண்டு போவதற்குள் இன்ஜின் சூடாகியிருக்கும். ராத்திரி முழுக்க நின்ற காரைக் காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போதுதான் பல உண்மைகள் வெளியே வரும்.

காரைத் திறந்தவெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள் வேண்டவே வேண்டாம். ஸ்டார்ட் செய்யும் முன், டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவையும், ரிசர்வ் டேங்க்கில் கூலன்ட் அளவையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சைலன்ஸர் தெரிகிற மாதிரி ஒரு நண்பரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆகும் நொடி, ஐந்து நிமிஷ ஐடிலிங், பிறகு ஒரு ரவுண்டு ஓட்டும்போது, மேட்டில் ஏறும்போது... எப்போது என்ன நிறம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், எந்த மெக்கானிக்கும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்.

கறுப்புப் புகை: டீசல் அதிகம், காற்று கம்மி

பயமுறுத்தும் நிறம் இதுதான். ஆனால், பெரும்பாலும் செலவு கம்மியாக முடிவதும் இதுதான். அரைகுறையாக எரிந்த டீசலின் கரி இது. இன்ஜினுக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம்.

முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அடுத்து, டர்போவில் இருந்து இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்கள். மிதிக்கும்போது ‘உஸ்ஸ்’ என்று சத்தம், வண்டியில் இழுவை இல்லை, கூடவே கறுப்புப் புகை என்றால், ஹோஸ் கிழிந்திருக்கவோ கிளாம்ப் லூஸாகியிருக்கவோ வாய்ப்பு அதிகம். கிழிசலைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும்.

மூன்றாவது, இ.ஜி.ஆர் வால்வு. எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் வால்வு இது. கரி படிந்து திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால், நல்ல காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும். சிட்டி டிராஃபிக்கிலேயே உருளும் கார்களுக்கு இது வழக்கமான வியாதி. பெரும்பாலும் கழற்றிச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் இன்ஜெக்டர் பக்கம் போங்கள். ‘நாசில் போச்சு, நாலையும் மாத்தணும்’ என்று சொன்னால், ‘ரிட்டர்ன் டெஸ்ட் பண்ணீங்களாண்ணா?’ என்று கேளுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரில் இருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனி பாட்டிலில் பிடிப்பார்கள். நான்கில் ஒன்று மட்டும் வேகமாக நிரம்பினால், முதல் சந்தேகம் அதன் மேல். எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. இதில் பிடிபடாத கோளாறும் உண்டு. அதற்கு, டீசல் பம்ப் சர்வீஸ் செய்யும் கடையில் மெஷினில் மாட்டிப் பார்ப்பார்கள்.

பல நாள் சிட்டிக்குள் உருட்டிவிட்டு, பைபாஸில் ஒரு அழுத்து அழுத்தும்போது மட்டும் ஒரு தடவை ‘குப்’பென்று வந்து நின்றுவிட்டால் கவலைப்பட வேண்டாம். அது தேங்கிய கரி.

நீலப் புகை: எரிவது இன்ஜின் ஆயில்

கறுப்பு மாதிரி ‘பளிச்’செனத் தெரியாது. வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும். கருகிய எண்ணெய் வாடை வரும்.

சர்வீஸ் விட்ட மறுநாளே ஆரம்பித்ததா? டிப் ஸ்டிக்கை எடுங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருந்தாலும் இப்படி ஆகும். அதிகப்படியை வடித்துவிட்டால் போதும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வந்து, ஒரு நிமிஷத்தில் மறைகிறதா? ராத்திரி முழுக்க வால்வு சீல் வழியாக ஆயில் சொட்டியிருக்கலாம். சிக்னலில் ரொம்ப நேரம் ஐடிலில் நின்று, கிளம்பும்போது வருகிறதா? டர்போ சீல் மீதும் ஒரு கண் வையுங்கள். இன்ஜின் ஆறிய பிறகு டர்போவின் முன்பக்க ஹோஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டை மெக்கானிக் ஆட்டிப் பார்ப்பார். லேசான ஆட்டம் இருக்கும். ஆனால், இறக்கை சுவரில் உரசினால் டர்போவின் ஆயுள் முடிந்தது. ஹோஸுக்குள் லேசான எண்ணெய் ஈரம் இருப்பது சகஜம். அதைக் காட்டி டர்போவை மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள்.

எந்நேரமும், அதிலும் மேடு ஏறும்போது கூடுதலாக நீலம் வருகிறதா? இப்போதுதான் பிஸ்டன் ரிங் கணக்கில் வரும். ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி அப்படியே மேலேயே வையுங்கள். மூடி லேசாக அதிர்ந்தால் பரவாயில்லை. துள்ளிக் குதித்து, புகைபோக்கி மாதிரி புகை வந்தால் அழுத்தம் கீழே கசிகிறது. அப்போதும்கூட ‘கம்ப்ரஷன் டெஸ்ட்’ ரீடிங்கைக் கையில் வாங்காமல் இன்ஜினை இறக்கச் சம்மதிக்காதீர்கள். கிரான்க்கேஸ் பிரீத்தர் அடைத்திருந்தாலும் மூடி இப்படித் துள்ளும்!

இங்கே ஒரு எச்சரிக்கை. டர்போ சீல் மொத்தமாக உடைந்தால், இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து, தானாகவே ரேஸ் ஆகத் தொடங்கும். சாவியை ஆஃப் செய்தாலும் நிற்காது. மேனுவல் கார் என்றால், பிரேக்கை முழுதாக அழுத்தி, டாப் கியரில் போட்டு, கிளட்சை விட்டு ஆஃப் ஆக வைக்க முயற்சி செய்யலாம். ஆட்டோமேட்டிக்கில் அது முடியாது. நிற்காவிட்டால் இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள். பானெட்டைத் திறந்து குனிந்து பார்க்காதீர்கள்.

வெள்ளைப் புகை: இதில் மூன்று வகை

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ, மார்கழிக் காலையிலோ ஸ்டார்ட் செய்ததும் மெல்லிய வெள்ளைப் புகை வந்து, சில நிமிஷத்தில் காணாமல் போனால் அது வெறும் நீராவி. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கண் எரிச்சல், பச்சை டீசல் வாடையோடு வந்தால், அது எரியாத டீசல். கூடவே இன்ஜின் நடுங்கும். குளிர்ப் பிரதேசத்தில் என்றால், முதல் சந்தேகம் க்ளோ பிளக் மேல். டேஷ்போர்டில் சுருள் விளக்கு அணையும் வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆனால், சென்னை வெயிலில் நிற்கும் காருக்கு க்ளோ பிளக் பெரிதாகத் தேவைப்படாது. அங்கேயும் காலையில் இப்படி வந்தால், சொட்டும் இன்ஜெக்டரையோ, குறைந்த கம்ப்ரஷனையோ சோதிக்க வேண்டும்.

மூன்றாவது வகைதான் ஆபத்து. இன்ஜின் சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளைப் புகை, லேசான இனிப்பு வாடை, நாளுக்கு நாள் குறையும் கூலன்ட். காலையில் எடுத்த அந்த போட்டோ இப்போது கைகொடுக்கும். கூலன்ட் இன்ஜினுக்குள் போகிறது. ‘ஹெட் கேஸ்கட்’ என்று உடனே முடிவு கட்டாதீர்கள், இ.ஜி.ஆர் கூலர் கசிந்தாலும் இதே அறிகுறிதான். அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால், ஓட்டிப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சிலிண்டரில் கூலன்ட் தேங்கினால், அடுத்த ஸ்டார்ட்டில் கனெக்டிங் ராடே வளையலாம். டோ செய்து கொண்டுபோவதுதான் லாபம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

பி.எஸ்-6 கார் வைத்திருக்கிறீர்களா?

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில், கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப் ஃபில்டர் இருக்கும். அதனால் கறுப்புப் புகை கண்ணில் படவே கூடாது. பட்டால், ஃபில்டர் உடைந்திருக்கலாம் அல்லது யாரோ கழற்றியிருக்கலாம். ‘கழற்றிட்டா பிக்கப் வரும்’ என்று சொல்வார்கள், அது சட்டவிரோதம். டி.பி.எஃப் விளக்கு எரிந்தால், மேனுவலில் சொன்ன வேகத்தில் நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். கரி எரிந்து சுத்தமாகும். பாதியில் அடிக்கடி ஆஃப் செய்தால், டீசல் ஆயிலில் கலந்து டிப் ஸ்டிக்கில் அளவு ஏறும். ஆயில் குறைவது மட்டுமல்ல, கூடுவதும் பிரச்னைதான்!

பழைய கார் வாங்கப் போறீங்களா?

மாருதி 2020-ல் டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆக, இன்று விற்பனைக்கு வரும் டீசல் ஸ்விஃப்ட், டிசையர் எல்லாமே வயதானவைதான். பார்க்கப் போகும்போது, ‘நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், காலைப் புகையை உங்களுக்குக் காட்ட அவர் விரும்பவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. காசு கொடுத்து பி.யூ.சி சர்டிஃபிகேட்டை வாங்கி டேஷ்போர்டில் வைத்துவிடலாம். ஆனால், அந்தப் புகையைச் சுவாசிப்பது பின்னால் வரும் பைக்காரரும், அவர் முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தையும்தான்.

நாளைக் காலையில் காரை ஸ்டார்ட் செய்யும்போது, ஒருமுறை இறங்கிப் பின்னால் போய்ப் பாருங்க!