ஆட்டம் பார்க்க ஒரு யாத்திரை

பழனிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டத்தைப் பற்றி நம்ம பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே நிறத்தில் உடுப்பு, வழி நெடுக ஒரே கோஷம், கட்டுச்சோறு, முன்பின் தெரியாதவரும் உறவாகிவிடுவது எல்லாம் நாம் பார்த்ததே. இதே மாதிரி, தங்கள் விளையாட்டு அணியைத் தேடி ஊர் விட்டு ஊரும் நாடு விட்டு நாடும் போகும் கூட்டம் இன்று உலகமெங்கும் உண்டு. இதில் என்ன பொருள் இருக்கிறது என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் ஃபுட்பால் என்பது காலால் உதைக்கும் நம்ம பந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதி ஓடும் ஆட்டம். 2007-ல் மயாமி அணி தன் சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய ஒரு ஆட்டத்தை லண்டன் வெம்பிளியில் ஆடியது. வெளிநாட்டிலும் சந்தை பிடிக்க வேண்டும் என்ற வியாபாரக் கணக்கு அது. அதன் பிறகு லண்டனில் இப்படி ஆட்டம் நடத்துவது வழக்கமாயிற்று. அணியின் பின்னாலேயே ரசிகர்களும் கடல் தாண்டிப் போகிறார்கள்.

வியாபாரத்துக்காக மைதானம் மாறுவது ஒரு வகை. தகராறினால் மாறுவது இன்னொரு வகை. 2018 ஏப்ரலில் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுத் தமிழ்நாட்டில் போராட்டம் நடந்தது. இரண்டு வருடத் தடை முடிந்து திரும்பிய சென்னை சூப்பர் கிங்ஸ், ஏப்ரல் 10-ல் சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டம் ஆடியது. மைதானத்துக்குள் செருப்பு விழுந்தது. மிச்சம் 6 ஆட்டங்களும் புனேக்குப் போயின. ரசிகர்கள் விடவில்லை. அணி நிர்வாகம் ஏற்பாடு செய்த 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்ற தனி ரயிலில் சுமார் ஆயிரம் பேர் ஏப்ரல் 19-ல் சென்னையிலிருந்து கிளம்பினார்கள். மறுநாள் வாட்சன் 106 ரன் அடித்தார். சென்னை 64 ரன்னில் ஜெயித்தது. புனேயை விட்டு வரும்போது மைதானப் பணியாளர்களுக்குத் தலா 20,000 ரூபாய் கொடுத்து நன்றி சொல்லி வந்தது அணி. விருந்தாளிக்கு அழகு அது.

தண்ணீர்த் தகராறு என்னவென்று இடுக்கித் தமிழர்களுக்குத் தெரியும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றியபோது குமுளி வழி அடைபட்டது. இங்கிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பயந்து தேனிப் பக்கம் இறங்கின. அங்கே மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. வழக்கு அணையைப் பற்றியது; அடி விழுந்ததோ கூலிக்காரன் மேலும் கடைக்காரன் மேலும்.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. 2004-ல் இந்திய அணி பாகிஸ்தான் போனபோது ஆயிரக்கணக்கான நம்மவர்களும் விசா வாங்கிப் போனார்கள். இந்தியாவிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும் லாகூர்க் கடைக்காரர்கள் பலர் சாப்பாட்டுக்கும் சாமானுக்கும் காசு வாங்க மறுத்தார்கள். நானும் வியாபாரிதான், வந்த காசை வேண்டாம் என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அறிவேன். அந்தப் பயணத்தில் இந்தியா இரண்டு தொடரும் ஜெயித்தது. அதைவிட அந்தக் கடைக்காரர்களின் பேச்சையே போய் வந்தவர்கள் அதிகம் சொன்னார்கள்.

நம்ம கேரளத்துக் கதையும் ஒன்று. 2022 மார்ச் 20-ல் கேரளா பிளாஸ்டர்ஸ் இறுதி ஆட்டம் கோவாவில். பஸ்ஸிலும் ரயிலிலும் பைக்கிலும் போய் ஃபட்டோர்டா மைதானத்தையே மஞ்சளாக்கினார்கள். 1-1 என்று முடிந்து, பெனால்டியில் ஹைதராபாத் ஜெயித்தது. போகும் வழியில் காசர்கோடு மாவட்டத்தில் பைக் விபத்தில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். ஆட்டம் எதுவும் ஒரு உயிருக்கு ஈடில்லை. ராத்திரிப் பயணத்துக்கு ரயிலோ பஸ்ஸோ போதும் என்று வீட்டுப் பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

சென்னை அணிக்கும் மஞ்சள், கேரள அணிக்கும் மஞ்சள். நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வாளையாருக்கு இரண்டு பக்கமும் கைதட்டலாம். பிழைக்க வந்த ஊரில் நாமும் ஒரு வகையில் வெளியூர் ரசிகர்களே. கோஷம் நம்முடையதாக இருக்கட்டும். உட்கார இடம் கொடுத்த ஊரை மதிக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். இது நடந்தால் அடுத்த தண்ணீர்த் தகராறு வரும்போது, பக்கத்துக் கடைக்காரன் நம்மை விரட்ட மாட்டான். கதவைத் திறந்து உள்ளே கூப்பிடுவான்.