பத்து நிமிட இடைவெளி ஏன் போதவில்லை?

ஒரு நோயாளியைப் பார்க்கச் சராசரியாக 10 நிமிடம். 10 நிமிடத்துக்கு ஒருவரை வரச் சொல்கிறோம். கணக்கு சரிதான். பிறகு ஏன் இவ்வளவு காத்திருப்பு? 6 நிமிடத்தில் ஒருவர் முடிந்தால், அடுத்தவர் இன்னும் வந்திருக்க மாட்டார். மிஞ்சிய 4 நிமிடத்தைச் சேமித்து வைக்க முடியாது. 14 நிமிடம் ஆனாலோ, அந்தத் தாமதம் பின்னால் இருப்பவர்கள் மேல் விழும். மிச்சம் கரைகிறது, தாமதம் மட்டும் சேர்கிறது.

1952-இல் பிரிட்டனில் பெய்லி, வெல்ச் என்ற ஆய்வாளர்கள் இருவரும் புறநோயாளிப் பிரிவுகளுக்கு எளிய விதி ஒன்றைச் சொன்னார்கள்: தொடக்கத்தில் இருவர், பிறகு சராசரி இடைவெளியில் ஒவ்வொருவர். ஒருவர் பிந்தினாலும் மருத்துவர் சும்மா இருக்க மாட்டார். அதற்கு விலை நோயாளியின் நேரம். அதையும் மதிக்கத்தான் வேண்டும். மருத்துவர், நோயாளி இருவரின் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட பிற்கால ஆய்வுகள், தொடக்கத்திலும் முடிவிலும் இடைவெளியை நெருக்கி, நடுவில் அகட்டச் சொல்கின்றன.