சுற்றினால் பறக்கலாமா?

போன வாரம் வாசலில் நெல் காயப்போட்டுக் கொண்டிருந்தேன். ஒண்ணாவது படிக்கும் என் பையன் செல்போனில் 'சக்திமான்' பார்த்துவிட்டு வந்து, திண்ணை மேல் ஏறி, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு கிர்ரென்று சுற்றினான். ஓடிப்போய் பிடிப்பதற்குள் விழுந்துவிட்டான். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

எனக்கு என் தம்பி ஞாபகம்தான் வந்தது. 1997-ல் ஆரம்பித்து 2005 வரை தூர்தர்ஷனில் வந்த தொடர் அது. பக்கத்து வீட்டு டி.வி. முன்னால் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஆஜராகிவிடுவோம். இந்தி ஒரு வார்த்தை புரியாது. 'மகாபாரத'த்தில் பீஷ்மராக நடித்த முகேஷ் கன்னா சுற்றுவார், பறப்பார். எங்களுக்கு அதுவே போதும். தம்பி வைக்கோல் போர் மேலிருந்து குதித்துக் காலைப் பிசக்கிக்கொண்டான். அம்மாவிடம் வாங்கின அடி தனி!

இதைப் பார்த்துப் பிள்ளைகள் ஆபத்தில் மாட்டிக்கொள்வதாக அப்போதே செய்தி வந்தது. தன்னைப் போல் செய்யக்கூடாது என்று முகேஷ் கன்னாவே டி.வி.யில் எடுத்துச் சொன்னார். கதை முடிந்ததும் நல்ல பழக்கம் சொல்லும் பகுதியும் உண்டு. எல்லாம் இந்தியில்! எங்களுக்கு ஒட்டிக்கொண்டது சுற்றல் மட்டும்தான்.

கெட்ட தொடர் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏழெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளை கையில் போட்டுக் கொடுத்துவிட்டு நாம் அடுப்படிக்குப் போகக்கூடாது. செல்லில் முழுக்கதைகூட வருவதில்லை. சண்டையும் பறப்பதும்தான் துண்டு துண்டாக வருகிறது.

இப்போது நானும் கூட உட்கார்ந்து பார்க்கிறேன். "சினிமாக்காரங்க கயிறு கட்டித் தூக்கி எடுப்பாங்கடா" என்று விளக்கினேன். "நம்ம வீட்ல அந்தக் கயிறு இருக்காம்மா?" என்கிறான்! கிணற்றுக் கயிற்றைப் பரண் மேல் போட்டு வைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, உத்திரமேரூர்.