பம்புப் பழுதும் மிஸ்திரி கூறும் காரணமும்

கவலையும் ஏற்றமும் கொண்டு நீரிறைத்து வந்த நம் குடியானவர்கள், 1932-ஆம் வருஷத்தில் பைக்காரா மின்சார நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர், கோயம்புத்தூர்ப் பகுதியில் படிப்படியாக மின்சாரப் பம்புக்கு மாறலானார்கள். கவலையில் வடம் அறுந்தாலும், சால் ஓட்டையானாலும், பழுதைக் கண்ணாற் காணலாம். பம்பின் உள்ளுறுப்புக்களோ இரும்புக் கூட்டினுள் மறைந்துள்ளன. ஆதலின் பம்பு நின்றவுடன் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்த மிஸ்திரி கூறுவதே முடிவாகிவிடுகிறது. மிஸ்திரிகளிற் பலர் திறமையும் நேர்மையும் உடையவர்களே. ஆயினும் சோதியாமற் கூறப்படும் காரணத்தை நம்பிப் பொருளையும் பயிரையும் இழப்போர் உளர். கிணற்றுக் கரையிலோ, கிணற்றினுள் மேடையிலோ வைத்து ஓட்டும் பம்புகளைப் பற்றியே இங்குக் கூறப்படுகிறது.

சென்ற சித்திரையில் ஒரு மிராசுதாரின் பம்பு நீர் தருவதை நிறுத்திற்று. இரண்டு ஏக்கர் வாழை குலை தள்ளும் தருணம். மிஸ்திரி வந்து, இம்பெல்லர் தேய்ந்துவிட்டதென்றும், பம்பையே மாற்றவேண்டுமென்றும் கூறிச் சென்றார். மிராசுதார் நகையை அடகு வைக்கப் புறப்பட்ட நிலையில் நான் அங்குச் செல்ல நேர்ந்தது. கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி அளந்தோம். பம்பிலிருந்து நீர்மட்டம் 27 அடி கீழே இருந்தது. தை மாதத்தில் அது 15 அடி ஆழத்திலேயே இருந்ததாம்.

பம்பு நீரை இழுப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் குழாயினுள் காற்று நீங்கியதும், வெளிக்காற்றின் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. அவ்வழுத்தம் கடல் மட்டத்தில் ஏறக்குறைய 34 அடிக்கு மேல் நீரைத் தாங்காது. குழாயின் உராய்வு, வளைவு முதலியவற்றால் நடைமுறையில் 20 அல்லது 22 அடியே நம்பத்தக்க அளவாகும். ஆகவே பழுது பம்பில் இல்லை. அதனை வைத்த இடத்திலேயே இருந்தது. கிணற்றினுள் 12 அடி கீழிருந்த பாறைத் திட்டில் பம்பை இறக்கியமைத்தோம். மறுநாள் முழுக்குழாயாக நீர் பாய்ந்தது. இவ்வாறு இறக்கியவர்கள் ஐப்பசி மழையில் கிணறு நிரம்புமுன் பம்பை மேலே ஏற்றிவிட மறக்கலாகாது.

எனவே மிஸ்திரியின் முடிவை ஏற்குமுன் பின்வருவனவற்றை வரிசையாகப் பார்த்துக்கொள்க.

(1) நீர்மட்டம்: மேற்கூறியபடி அளந்து பார்க்க. புட்வால்வு நீரில் நன்கு மூழ்கியுள்ளதா என்றும் கவனிக்க.

(2) உறிஞ்சு குழாய்: மெயின் சுவிட்சை நிறுத்தி, பீஸைக் கழற்றியபின், பம்பில் விளிம்புவரை நீர் நிரப்பிப் பத்து நிமிஷம் காத்திருக்க. நீர் இறங்காவிடில் குழாயும் வால்வும் பெரும்பாலும் நன்றாயுள்ளன. நீர் இறங்கி, மூட்டுகளில் ஈரம் கசிந்தால் மூட்டில் பழுது. மூட்டுகளும் கிளாண்டும் உலர்ந்திருக்க நீர் இறங்கினால் புட்வால்வில் பழுது. சருகோ சிறு கல்லோ அதில் சிக்கியிருப்பதே பலமுறை காரணமாகிறது.

(3) சுழலும் திசை: மூன்று பேஸ் மோட்டாரில் இரண்டு கம்பிகள் இடம் மாறினால் பம்பு எதிர்த்திசையில் சுழலும். அப்பொழுதும் சிறிது நீர் வருமாதலால் பலர் இதனை அறிவதில்லை. பம்பின் மேலுள்ள அம்புக்குறியோடு ஒப்பிடுக. கம்பி மாற்றுவதை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்யவேண்டும்.

(4) அம்மீட்டர்: 5 குதிரைச்சக்தி மூன்று பேஸ் மோட்டார் முழுப்பளுவில் ஏறக்குறைய 7 அல்லது 8 ஆம்பியர் கொள்ளும், சரியான அளவு அதன் பெயர்த்தகட்டில் உண்டு. பம்பு ஓடியும் நீர் வாராமல், முள் வழக்கத்தினும் தாழ்ந்து நின்றால், பெரும்பாலும் பழுது நீர் வரும் வழியில் உளது, மோட்டாரில் அன்று. முள் மிக உயர்ந்தால் உடனே நிறுத்துக. பேரிங் இறுகியிருக்கலாம், மின்னழுத்தம் குறைந்திருக்கலாம், ஒரு பேஸ் அற்றிருக்கலாம்.

மோட்டாரின் காயில் எரிந்தது மெய்யேயானாலும், ஏன் எரிந்தது என்று கேட்கவேண்டும். எரிதல் விளைவேயன்றிக் காரணமன்று. காரணத்தை நீக்காது புதிதாகச் சுற்றிய காயிலும் எரியும். இம்பெல்லர் தேய்ந்ததெனின், நீர் ஒரே வாரத்தில் நிற்பதில்லை. பல மாதங்களாகச் சிறுகச் சிறுகக் குறைந்திருக்கும். மேற்கண்ட சோதனைகளில் குறை காணப்படாது, நீரும் அவ்வாறே குறைந்து வந்திருப்பின், மிஸ்திரி கூறுவது சரியாயிருத்தல் கூடும். கழற்றிக் காட்டச் செய்து, தேய்வைக் கண்டபின் தாமதியாது மாற்றுக.

மிஸ்திரியிடம் சினமின்றி மூன்று வினாக்கள் கேட்கலாம். எதைச் சோதித்து இம்முடிவுக்கு வந்தார்? கழற்றிய உறுப்பை நம்மிடம் ஒப்படைப்பாரா? மாற்றிய பின்னும் நீர் வாராவிடில் செலவு யாருடையது? விடைகளை எழுதி வாங்குதல் நலம். தொழில் அறிந்தவர் இதனால் வருந்தார். ஊராட்சிக் குடிநீர்ப் பம்புகளைக் கவனிக்கும் கிராம உத்தியோகஸ்தர்கள், பொதுப்பணம் செலவாவதால், இவ்விடைகளின்றிச் செலவுச் சீட்டில் ஒப்பமிடலாகாது.

பம்பு நன்றாக ஓடும் காலத்திலேயே நீர்மட்டம், அம்மீட்டர் அளவு, ஒரு பீப்பாய் நிரம்ப ஆகும் நேரம் ஆகிய மூன்றையும் மாதம் ஒருமுறை குறித்து வைக்கவேண்டும். அக்குறிப்பு உடையவர் பழுது நேர்ந்த அன்று எது மாறிற்று என்பதைத் தாமே அறிவார்.