மலையிறங்கும் காரில் கருகல் வாடை ஏன்?

பள்ளி விடுமுறையில் கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் பழைய சாலையில் போயிருக்கிறீர்களா? வளைவுக்கு வளைவு முன்னால் போகும் கார்களின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கண்ணாடியை இறக்கினால் ஏதோ கருகுவது போன்ற காரமான வாடை மூக்கில் ஏறும். லாத்தா இஸ்கந்தர் நீர்வீழ்ச்சிப் பக்கம் நிறுத்தியிருக்கும் ஏதாவதொரு காரின் முன்சக்கரத்திலிருந்து மெல்லிய புகைகூட வரலாம். இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சூடேறியது பிரேக்.

பிரேக் காரை நிறுத்துகிறது என்கிறோம். அறிவியல் பாடத்தில் படித்ததை நினைவுபடுத்திக்கொண்டால், அது செய்யும் வேலையை வேறு விதமாகச் சொல்லலாம். சக்தியை அழிக்க முடியாது, உருமாற்றத்தான் முடியும். ஓடும் காரின் இயக்க சக்தியை வெப்பமாக மாற்றும் கருவிதான் பிரேக். வெப்பம் உண்டாகாவிட்டால் கார் நிற்காது. ஆகவே பிரேக் சூடாவது பழுதல்ல, அதன் தொழிலே அதுதான்.

உராய்வு எவ்வளவு வெப்பம் தரும் என்பதை 1798-இல் ரம்ஃபர்டு பிரபு என்பவர் உலகுக்குக் காட்டினார். ஜெர்மனியின் மியூனிக் நகரப் பீரங்கிப் பட்டறையில், மழுங்கிய துளைக்கருவியைக் குதிரை பூட்டிச் சுற்ற வைத்து, பீரங்கிக் குழலைத் தண்ணீருக்குள் வைத்துத் தேய்த்தார். சுமார் இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்துவிட்டது. அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை. கூடி நின்றவர்கள் வியந்து போனார்களாம்.

உங்கள் வீட்டுக் கார் இதே வேலையைச் சில விநாடிகளில் செய்கிறது. ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார் ஒன்று, நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 30.6 மீட்டர். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், இயக்க சக்தி ஏறக்குறைய 650 கிலோஜூல் என்று வரும். இரண்டு லிட்டருக்கும் சற்றுக் கூடுதலான குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். ஒரே தடவை பிரேக்கை அழுத்தி முழுதாக நிறுத்தினால், இத்தனையும் சக்கரங்களுக்குள் வந்து சேர்கிறது.

நான்கு சக்கரத்துக்கும் சமமாக வருவதில்லை. பிரேக் போடும்போது காரின் எடை முன்பக்கம் சாய்வதால், வேலையில் சுமார் 70 விழுக்காட்டை முன்சக்கரங்களே செய்கின்றன. முன் ரிம்கள் கறுப்புத் தூள் படிந்து பின் ரிம்களைவிட அழுக்காக இருப்பதற்கும் இதுவே காரணம். ஒரு முன்சக்கர டிஸ்க் 6 கிலோ வார்ப்பிரும்பு என்று கொண்டால், அந்த ஒரு நிறுத்தத்தில் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் உயரும். பயப்பட ஒன்றுமில்லை. கார் மீண்டும் ஓடும்போது காற்று அந்தச் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். முன் டிஸ்க்கைப் பக்கவாட்டில் பார்த்தால், இரண்டு தட்டுகளுக்கு நடுவே இடைவெளியும் சிறு தடுப்புகளும் தெரியும். சுழலும்போது அது ஒரு விசிறியாகிக் காற்றை உள்ளிழுத்து வெளியே தள்ளுகிறது.

மலைச்சாலையில் கணக்கு வேறு. கெந்திங் மலையின் உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு வரும்போது உயரம் 1,000 மீட்டருக்கும் மேல் குறைகிறது. அதே காருக்கு 1,000 மீட்டர் என்று மட்டும் எடுத்துக்கொண்டாலும், இழக்கும் நிலை சக்தி 13,700 கிலோஜூல். அதாவது 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 21 தடவை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். டயரின் உருளல் தடையும் எதிர்க்காற்றும் ஒரு பங்கைத் தின்றுவிடும். மீதி முழுவதையும் பிரேக்கின் தலையில் கட்டினால், டிஸ்க் ஆறுவதற்கு இடைவெளியே கிடைக்காது. பேட் எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்கும். வண்டி மெதுவாகப் போவதால் காற்றும் குறைவு.

அப்போது இரண்டு விதமான ஆபத்து வரும். முதலாவது பேட்டில். பேட் என்பது பல பொடிகளைப் பிசின் கொண்டு இறுக்கிச் செய்த கட்டி. அளவுக்கு மீறிச் சுட்டால் பிசின் சிதைந்து வாயு கிளம்பும். மலைச்சாலையில் வரும் வாடை அதுதான். உராய்வு குறைந்து, ஓட்டுநர் எவ்வளவு பலமாக மிதித்தாலும் கார் வழுக்குவது போலப் போகும்.

இரண்டாவது, என் பார்வையில் இதைவிட மோசமானது. பிரேக் மிதியின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் எண்ணெய். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்ற ஒரே நம்பிக்கையில்தான் இந்த அமைப்பே இயங்குகிறது. டாட் 3 என்ற வகைப் புது எண்ணெய் 205 பாகை வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் இந்த எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. நீர் கலந்து பழையதாகிவிட்ட எண்ணெய்க்கு அதே விதி வைக்கும் எல்லை 140 பாகைதான். நம் நாட்டு ஈரப்பதத்தைச் சொல்லவே வேண்டாம். எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். ஆவியை அமுக்க முடியும். ஓட்டுநர் மிதித்தால் குமிழ்தான் சுருங்கும். மிதி தரைவரை போகும், கார் நிற்காது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இது நடந்துவிடும். பிரேக் எண்ணெயை ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் பட்டறைக்காரர், பணம் பிடுங்குவதற்காகச் சொல்லவில்லை.

மலைச்சாலைகளில் 'கூனா கியர் ரெண்டா' என்று மலாயில் எழுதிய பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். தாழ்ந்த கியரைப் பயன்படுத்துங்கள் என்று பொருள். தாழ்ந்த கியரில் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரங்கள்தான் இயந்திரத்தைச் சுற்ற வேண்டியிருக்கும். காற்று வழி மூடிய நிலையில் பிஸ்டன்கள் கஷ்டப்பட்டு இழுத்து இழுத்து ஓட, காரின் சக்தி அங்கே செலவாகிறது. அந்த வெப்பத்தை ரேடியேட்டரும் புகைக்குழாயும் வெளியேற்றிவிடும், பிரேக்குக்கு ஓய்வு. ஆட்டோ கியரிலும் இதற்கென்று 'எல்' அல்லது '2' போன்ற நிலைகள் இருக்கின்றன. 'ஃபிரீ கியரில்' இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறான கணக்கு. கியரில் இறங்கும்போது நவீன இயந்திரங்கள் பெட்ரோலையே நிறுத்திவிடுகின்றன. ஃபிரீ கியரிலோ இயந்திரம் அணையாமல் இருக்கப் பெட்ரோல் வேண்டும், பிரேக்கும் தனியாக எரியும்.

மலையே ஏறாத காரிலும் சக்கரம் கொதிக்கலாம். அப்போது கேட்க வேண்டிய கேள்வி: நான்கும் சுடுகிறதா, ஒன்று மட்டுமா? ஒன்று மட்டும் என்றால் அங்கே ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. பேட்டை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனோ அது நகரும் ஊசிகளோ துருப்பிடித்து, காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை விடாமல் இருக்கலாம். பின்சக்கரங்கள் சுட்டால் ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்காமல் ஓட்டியிருக்கலாம். சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப் மட்டும் சுட்டு, வேகம் கூடக்கூட 'ஊம்' என்ற இரைச்சலும் வந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். உள்ளே கிரீஸ் வற்றினால் குண்டுகள் உலோகத்தோடு உலோகமாக உரசும். டயரே சுடுகிறது என்றால் காற்று குறைவு. காற்றில்லாத டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி விரிவதால் ரப்பருக்குள்ளேயே சூடு பிறக்கும்.

சோதிக்கிறேன் என்று ரிம்மைத் தொட்டுவிடாதீர்கள். புறங்கையைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாலே வித்தியாசம் தெரியும். சுடும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம்; சீரற்றுச் சுருங்கி வளைந்துபோகும், விரிசலும் விடலாம். இன்னொரு விஷயம்: நிறுத்திய உடனே எல்லாம் ஆறத் தொடங்கிவிடுவதில்லை. காற்றோட்டம் நின்றுபோவதால், டிஸ்க்கில் தேங்கிய சூடு ஹப்புக்கும் காலிப்பருக்கும் பரவி, அவை முதல் சில நிமிடங்களுக்கு இன்னும் சூடாகும். மலையடிவாரத்துக்கு வந்ததும் சட்டென்று நிறுத்தாமல், சமதரையில் கொஞ்ச தூரம் பிரேக் போடாமல் ஓட்டுவது நல்லது என்பது அதனால்தான்.

பந்தயக் கார்களில் நிலைமை தலைகீழ். சிப்பாங்கில் 1999 முதல் 2017 வரை ஓடிய ஃபார்முலா 1 கார்களின் டிஸ்க்குகள் கார்பனால் ஆனவை. பிடிப்பு வேண்டுமென்றால் அவை நன்கு சூடாக இருந்தாக வேண்டும். வளைவுக்கு முன் 1,000 பாகையை நெருங்கும். சிங்கப்பூரின் இரவுப் பந்தயத்தில் சக்கரத்துக்குள் தணல் போல ஒளிர்வது அதுதான்.

இப்போது சாலைக்கு வந்திருக்கும் மின்சாரக் கார்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. காலை எடுத்ததும் மோட்டாரே மின்னாக்கியாகி, காரின் சக்தியை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. கெந்திங்கிலிருந்து இறங்கி வந்தால் கையிருப்பு மின்சாரம் ஏறியிருக்கும். ஆனால் உச்சியிலேயே மின்கலத்தை முழுதாக நிரப்பிவிட்டுப் புறப்பட்டால், வருகிற சக்தியை வைக்க இடமிருக்காது; மீண்டும் பழைய இரும்பு டிஸ்க்தான் சுட வேண்டும். சமவெளியில் மட்டும் ஓடும் மின்சாரக் காருக்கு இதற்கு நேரெதிரான தொல்லை. பிரேக்குக்குப் போதிய வேலை இல்லாமல் டிஸ்க்கில் துரு ஏறிவிடுகிறது.